டர்போ காருக்கு 95 போடணுமா, சாதா பெட்ரோல் போதுமா?

புதுசாக டர்போ பெட்ரோல் கார் எடுத்தவர்கள் முதல் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது தவறாமல் கேட்கிற கேள்வி இது. "அண்ணே, டர்போன்னா பிரீமியம்தான் போடணுமாமே, பங்க்லயே சொன்னாங்க" என்பார்கள். பங்க்கில் சொல்லத்தான் செய்வார்கள், விற்பது அவர்கள் வேலை. வேளச்சேரியில் கார் வொர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று சென்னையில் ஓடுகிற டர்போ கார்களில் பெரும்பாலானவற்றுக்கு சாதா பெட்ரோலே போதும், 95 ஆக்டேன் பிரீமியத்துக்கு என்று மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்கிற காசை நல்ல என்ஜின் ஆயிலில் போட்டால் வண்டி நன்றாக இருக்கும். இப்படி ஒற்றை வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் வலு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பது. பிளக்கில் தீப்பொறி வந்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கிற கலவை தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். ஏற்றத்தில் மிதிக்கும்போது தகர டப்பாவில் கோலி உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது. சாதாரண என்ஜினைவிட டர்போவில் இந்த ஆபத்து அதிகம் என்பது உண்மை. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அமுக்கினால் காற்று சூடாகும், அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் முன்னால் இன்டர்கூலர் வைத்திருக்கிறார்கள். மே மாதம் கத்தரி வெயிலில் கத்திப்பாராவில் கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால், காற்றோட்டமே இல்லாமல் அந்த இன்டர்கூலரும் சேர்ந்து கொதித்திருக்கும். ஆக, டர்போக்காரர்கள் ஆக்டேன் பற்றி யோசிப்பதில் தவறே இல்லை.

ஆனால் கார் கம்பெனிக்காரனும் இதை யோசித்திருக்கிறான். என்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று உண்டு, கிட்டத்தட்ட ஒரு மைக் மாதிரி, அந்த வெடிப்பின் அதிர்வைக் கேட்கும். கேட்டவுடன் ஈசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பிளக் தீப்பொறியைச் சில டிகிரி தள்ளிப்போடும், தேவைப்பட்டால் டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கும். என்ஜின் தப்பித்துவிடும். விலை என்னவென்றால் இழுவை கொஞ்சம் குறையும், எக்ஸாஸ்ட் சூடு கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். எனவே 95 பரிந்துரைத்த வண்டிக்கு 91 போட்டால் அன்றைக்கே என்ஜின் உடைந்துவிடும் என்பது கட்டுக்கதை. அதே மாதிரி, 91-க்கு என்றே டியூன் செய்த வண்டிக்கு 100 போட்டால் பறக்கும் என்பதும் கட்டுக்கதைதான், நாக்கிங்கே இல்லாத இடத்தில் ஈசியு எதை முன்னால் கொண்டுவரும்?

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் மேனுவலைப் பாருங்கள். "குறைந்தபட்சம்" என்று ஒரு எண், "பரிந்துரை" என்று வேறொரு எண், இரண்டும் ஒன்றில்லை. குறைந்தபட்சத்துக்குக் கீழே போகவே கூடாது. பரிந்துரை என்பது புரோஷரில் போட்ட முழு பவரும் வேண்டுமென்றால் என்று அர்த்தம். இன்னொரு குழப்பம் அமெரிக்காவில் இருக்கிற தம்பியிடமிருந்து வரும். "இங்க ரெகுலரே 87தான், டர்போவுக்கு 91 போடுறோம்" என்பார். அங்கே பம்பில் எழுதுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. நம் ஊரில் எழுதுவது ஆர்ஓஎன் மட்டும். அவருடைய 87 கிட்டத்தட்ட நம்முடைய 91, அவருடைய 91 நம்முடைய 95-க்குப் பக்கத்தில். எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒப்பிடாதீர்கள்.

இப்போது நம் ஊர்க் கதை. முன்பு சாதா பெட்ரோல் 88 ஆர்ஓஎன்னாக இருந்தது, பிறகு 91 ஆனது. அந்தக் காலத்தில் டர்போக்காரர் 95 கேட்டதில் நியாயம் இருந்தது, நானே பலருக்கு அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-க்குள் ஏறக்குறைய எல்லா பங்க்கிலும் சாதா என்றால் இதுதான் என்றாகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐத் தாண்டும், அதைச் சேர்த்தால் மொத்தக் கலவையின் எண்ணும் ஏறும். இ20-க்கான இந்தியத் தரக் குறியீடு கேட்பதே குறைந்தது 95 ஆர்ஓஎன். பெட்ரோலிய அமைச்சகமும் இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அப்புறம் ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 95 என்று எழுதிய பெட்ரோலை எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். அதில் இன்னொரு சங்கதி, "எத்தனால் வேண்டாம், அதனால் பிரீமியம் 95 போடுகிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த 95-லும் எத்தனால் இருக்கிறது சாமி.

எத்தனாலுக்குக் கெட்ட பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் குறையும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, இ20-க்கு என்று வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்கிறது. டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த என்ஜின்களுக்கு மட்டும் இதில் ஒரு சின்ன ஆறுதல்: எத்தனால் ஆவியாகும்போது சூட்டை நிறைய உறிஞ்சும், சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பதால் உள்ளே குளிரும், நாக்கிங் இன்னும் தள்ளிப்போகும்.

"ஆக்டேன் போகட்டும், பிரீமியத்தில் கிளீனர் இருக்கிறதே, கார்பன் பிடிக்காதே" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. இன்ஜெக்டர் முனை சுத்தமாக இருக்க அந்த மருந்து உதவும். ஆனால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் கார்பன் கட்டியாகப் பிடிப்பது இன்டேக் வால்வின் பின்பக்கம், அங்கே பெட்ரோல் படவே படாது. எதைப் போட்டாலும் அங்கே கழுவாது. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஒரே பெயரில் இரண்டும் வரும். மஹிந்திரா 3எக்ஸ்ஓவில் 1.2 டர்போ என்று இரண்டு என்ஜின் உண்டு, ஒன்று போர்ட் இன்ஜெக்‌ஷன், மற்றது டைரக்ட். போர்ட் வகையில் வால்வு மேலேயே பெட்ரோல் தெளிப்பதால் கிளீனருக்கு வேலை இருக்கிறது. ஆசைப்பட்டால் நாலைந்து டேங்க்குக்கு ஒரு தடவை பிரீமியம் போடுங்கள். கலந்து போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், நகர நெரிசலில் லிட்டருக்கு 12 என்று வைத்தால் 83 லிட்டர். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 660, வருடத்துக்கு எட்டாயிரத்தை நெருங்கும். 100 ஆக்டேன் போடுகிறவர் கணக்கு வேறு, லிட்டருக்கு ஐம்பது, அறுபது ரூபாய் கூடுதல், மாதம் நாலைந்தாயிரம். அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

சரி, சின்ன டர்போ என்ஜின்களை நிஜமாகவே உடைப்பது எது? குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது. ரெண்டாயிரத்துக்குக் கீழே டர்போ முழு அழுத்தம் கொடுக்கும்போது, சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயில் துளியும் கார்பனும் தீப்பொறிக்கு முன்னாலேயே பற்றிக்கொள்ளும். இது வழக்கமான நாக்கிங்கைவிடப் பல மடங்கு கொடூரமானது, ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடலாம், நாக் சென்சார் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதற்கு ஆக்டேன் பெரிய மருந்து இல்லை. மருந்து ஆயிலில் இருக்கிறது. கால்சியம் அதிகமுள்ள பழைய வகை ஆயில்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்துதான் 2018-ல் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்ற ஆயில் தரங்களைக் கொண்டுவந்தது. ஆயில் டப்பாவின் பின்பக்கம் எஸ்பி அல்லது அடுத்து வந்த எஸ்க்யூ என்று இருக்கிறதா பாருங்கள், கூடவே உங்கள் மேனுவல் கேட்கும் கிரேடும் இருக்க வேண்டும்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒருவர் 1.0 டர்போ காரோடு வந்தார். மேம்பாலம் ஏறும்போது டிக்டிக் சத்தம், அதற்காகப் பல மாதமாக 100 ஆக்டேன் போட்டுக்கொண்டிருந்தார், சத்தம் குறைந்தது ஆனால் போகவில்லை. ஓட்டிப் பார்த்தால், மைலேஜ் வேண்டுமென்று ஐந்தாவது கியரிலேயே 1300 ஆர்பிஎம்மில் பாலம் ஏறுகிறார். பிளக் மூன்றும் தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது. ஆயில் வெளியே எங்கோ மலிவாக ஊற்றியது, பழைய தரம். பிளக்கும் ஆயிலும் மாற்றி, ஏற்றத்துக்கு முன் ஒரு கியர் இறக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது சாதா பெட்ரோலில்தான் ஓடுகிறது, சத்தம் இல்லை. 100 போட்ட காசில் ரெண்டு வருட சர்வீஸ் முடிந்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

அப்படியானால் யார் பிரீமியம் போடலாம்? ரீமேப் செய்தவர்கள், அதாவது கூடுதல் பவருக்காக ஈசியு புரோகிராமை மாற்றி எழுதியவர்கள். ட்யூனர் எந்த ஆக்டேனுக்கு மேப் எழுதினாரோ அதுதான் போட வேண்டும், அதில் கஞ்சத்தனம் செய்தால் செலவு பிஸ்டனில் வந்து நிற்கும். 95-க்கு மேல் கேட்கிற பெரிய ஐரோப்பிய கார்கள். மே மாதத்தில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஏற்காடு, ஏலகிரி ஏறுகிறவர்கள் அந்த ஒரு டேங்க் மட்டும் போட்டால் போதும். அப்புறம் 2023-க்கு முந்தைய பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்போகிறார்கள் என்றால், எத்தனால் கலக்காத 100 ஆக்டேனில் கொஞ்சம் போட்டு வைப்பது ரப்பர் பாகங்களுக்கு நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இதே காரணத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி நின்ற பங்க்கில் சில நாளைக்குப் போடாமல் இருங்கள். நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். மேலே மிச்சமிருப்பதில் ஆக்டேனும் குறையும், அடியில் இருப்பது பைப்பில் வந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகுகிற ஓபிடி டாங்கிள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, போனில் ஆப் போட்டு நாக் ரிடார்டு (நாக்கிங்குக்காகத் தீப்பொறியைத் தள்ளிப்போட்ட டிகிரி) அல்லது இக்னிஷன் டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) காட்டுகிறதா பாருங்கள், எல்லா வண்டியிலும் காட்டாது. ரெண்டு டேங்க் சாதா, ரெண்டு டேங்க் 95, ஒரே ரூட், ஒரே நேரம், ஏசி ஒரே மாதிரி. ஒரு டேங்க் போதாது, ஈசியு பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஓரிரு டிகிரி எப்போதாவது வந்து போனால் கவலையில்லை. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஐந்தாறு டிகிரி பின்வாங்கினால் பெட்ரோலை மாற்றுவதற்கு முன் பிளக்கையும் இன்டர்கூலர் பைப்பையும் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள்.