ஊசித்துளை போன்ற காயத்துக்கு அறுவை சிகிச்சை எதற்கு?

உயரழுத்த நீர்ப்பீய்ச்சியால் இயந்திரம் கழுவியபோது விரலில் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் விழுந்தது என்றும், அதற்கு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறாரே, ஏன் என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி.

பம்பு நீருக்குத் தரும் அழுத்தம், நாசில் எனும் பீய்ச்சுமுனையின் நுண்துளையில் நீரின் வேகமாக உருவெடுக்கிறது. அழுத்தத்தையும் வேகத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டின்படி, 100 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் நீர் நொடிக்குச் சுமார் 140 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். தொழிற்சாலைகளில் பயன்படும் 1,000 பார் இயந்திரங்களில் அது காற்றில் ஒலி செல்லும் வேகத்தையும் மிஞ்சும். மனிதத் தோலைத் துளைக்கவோ சுமார் 7 பார் போதும்.

தோலுக்குள் புகுந்த பிறகு நடப்பதுதான் உண்மையில் வியப்புக்குரியது. எலும்பிலோ உறுதியான நார்த்திசுவிலோ மோதித் தடைபடும் நீர்த்தாரையின் வேகம் மீண்டும் அழுத்தமாகி, எதிர்ப்புக் குறைந்த பாதையைத் தேடுகிறது. விரலை மடக்கும் தசைநாண் வழுக்கி நகர்வதற்கென்றே இயற்கை அமைத்த உறை, அத்தகைய பாதைகளில் ஒன்று. கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் இந்த உறை பெரும்பாலோருக்கு மணிக்கட்டு வரை நீள்வதால், விரல்நுனியில் நுழைந்த நீர், கழுவிய பரப்பின் அழுக்கையும் நுண்ணுயிரிகளையும் சுமந்துகொண்டு அவ்வளவு தூரமும் போய்விடக்கூடும். விரிய இடமில்லாத விரலில் திரவம் நிறைந்தால் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் நசுங்கும். அந்த அழுத்தத்தைத் தணிக்கவும் உள்ளே போன அழுக்கை அகற்றவும்தான் அறுவை சிகிச்சை. முதல் சில மணி நேரம் வலி குறைவாகவும் விரல் மரத்தும் இருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது பெரும் தவறு. இரத்தம் கொட்டினால்தான் காயம் என்ற நம்பிக்கை பல விரல்களைப் பலிவாங்கக்கூடியது.

ஊசியில்லாமல் தடுப்பு மருந்து செலுத்தும் கருவிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன; பெரியம்மை ஒழிப்பில் அவை பயன்பட்டன. அங்கே அளவும் ஆழமும் கட்டுக்குள் இருக்கும். இங்கே இரண்டுமே கட்டுக்குள் இல்லை.

இத்தகைய காயம் பெரும்பாலும் நீர்ப்பீய்ச்சியின் கைப்பிடித் துப்பாக்கியைப் பிடிக்காத கையின் ஆள்காட்டி விரலில்தான் ஏற்படுகிறது, ஏனெனில் நாசிலைத் துடைக்கவோ அடைப்பைச் சோதிக்கவோ அந்த விரல்தான் முன்னே போகிறது. கையை எடுத்தால் நீர் நிற்பதற்காக அமைந்த விசையைக் கம்பியால் கட்டிவைத்து வேலை வாங்கும் வழக்கத்தை எந்த நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

காயம் பட்டால் இயந்திரத்தின் அழுத்தம், நீரில் கலந்திருந்த இரசாயனம், காயம்பட்ட நேரம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரலை மரக்கச் செய்யும் வழக்கமான ஊசியை அவர் தவிர்த்தால் அதற்கும் காரணம் உண்டு: ஏற்கெனவே திரவத்தால் இறுகிய விரலில் இன்னும் சில மில்லிலிட்டர் சேர்ந்தாலும் இரத்த ஓட்டம் மேலும் குறையக்கூடும்.