எந்த ஊருங்க? போர் கேட்ட கேள்வியும் விண்ட்சர் என்ற பதிலும்

நம்ம பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் முதலில் கேட்பது "எந்த ஊருங்க?" என்பதுதான். ஊரைச் சொன்னால் போதும், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று ஆரம்பித்து இறங்குவதற்குள் ஏதாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். இதே கேள்வியைப் போர்க்காலத்தில் ஊரே சேர்ந்து கேட்டால், சொந்தம் தேடுவதற்குப் பதிலாகச் சந்தேகம் தேடும். 1917-ல், முதல் உலகப்போர் நடந்தபோது, பிரிட்டனின் அரசர் ஐந்தாம் ஜார்ஜே அந்தக் கேள்வியில் மாட்டினார்.

கோவை டவுன்ஹால் 1892-ல் யார் பெயரில் எழுந்ததோ, அந்த விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் ஜெர்மனிக்காரர். குலதெய்வம் அப்பா வழியில் வருகிற மாதிரி அவர் வம்சத்தின் பெயரான சாக்ஸ்-கோபர்க்-கோத்தா, 1901-ல் மகன் ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்ததும் பிரிட்டிஷ் அரச வம்சத்தின் பெயரானது. 1914-ல் ஜெர்மனியோடு போர் வரும்வரை அது பெரிய விஷயமாக இல்லை.

ஏன் திடீரென்று உறுத்தியது? ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பிரிஸ்டல் பள்ளி மாணவர்களை, எந்த ஓவியம் பிடித்தது என்பது போன்ற அற்பக் காரணம் சொல்லி, இரண்டு குழுவாகப் பிரித்தார். அதற்கே அவர்கள் பணத்தைப் பங்கிடும்போது தங்கள் குழுவுக்கு அதிகம் ஒதுக்கினார்கள், எதிர்க்குழுவைவிட முந்தியிருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் குழுவுக்கு வருவதில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றுகூட இருந்தார்கள். சும்மா பிரித்ததற்கே இப்படி என்றால், தலைக்கு மேல் குண்டு விழும்போது? பயத்தில் இருக்கிற கூட்டம் ஒருவரின் மனதைத் துருவிப் பார்க்க நேரம் எடுக்காது, கண்ணில் பட்ட அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயரைவிடச் சுலபமாகக் கண்ணில் படுவது எது? 1915 மே மாதம் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடித்ததும், லண்டனில் ஜெர்மன் பெயர்ப்பலகை வைத்திருந்த ரொட்டிக் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அதே மாதம் விண்ட்சர் கோட்டைத் தேவாலயத்தில் தொங்கிய ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மின் கொடி இறக்கப்பட்டது, இத்தனைக்கும் அவர் விக்டோரியாவின் சொந்தப் பேரன். நாமும் விலக்கல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர், இன்றும் நம் வாயில் கில்லாடிக்குப் பட்டமாக நிற்கிறது.

1917 மார்ச்சில் ஐந்தாம் ஜார்ஜின் சித்தி மகனான ரஷ்யப் பேரரசர் (ஜார்) அரியணையை இழந்தார். மக்கள் "நம்மவர்" என்று நினைப்பதை நிறுத்தினால் கிரீடம் எவ்வளவு சீக்கிரம் கழன்றுவிடும் என்பதை ஜார்ஜ் நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஜூன் 13. லண்டனில் பட்டப்பகலில் குண்டு விழுந்து 162 பேர் இறந்தார்கள், பாப்லர் பகுதிப் பள்ளி ஒன்றில் மட்டும் 18 குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுதான். குண்டு போட்ட ஜெர்மன் விமானத்தின் பெயர் கோத்தா. அரசர் பெயரில் இருந்த அதே கோத்தா ஊரில் செய்தது.

அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்டிருக்கும்? ஜூலை 17-ல் அறிவிப்பு வந்தது: வம்சத்தின் பெயர் இனி விண்ட்சர். அரசரின் செயலாளர் ஸ்டாம்ஃபோர்டாம் சொன்ன யோசனை அது. தேம்ஸ் கரையில் பல நூற்றாண்டுகளாக நிற்கிற கோட்டையின் பெயர், ஊரின் பெயர். எந்த ஊருங்க என்றால் இந்த ஊர்தான் என்று சொல்லிவிடுகிற பெயர்.

உறவினர்களும் மாற்றிக்கொண்டார்கள். பேட்டன்பர்க் குடும்பத்து லூயி, கடற்படையின் உச்சப் பதவியில் இருந்தும் ஜெர்மன் பூர்வீகத்தைக் காட்டி எழுந்த பேச்சால் 1914-லேயே விலக நேர்ந்தவர். ஜெர்மன் மொழியில் பெர்க் என்றால் மலை, அதை ஆங்கிலத்தில் மவுண்ட் ஆக்கி முன்னால் போட்டார்கள். அப்போது அவருடைய கடைசி மகனுக்கு 17 வயது. நம் பாடப்புத்தகத்தில் கடைசி வைஸ்ராயாக வரும் மவுண்ட்பேட்டன் அவர்தான்.