கையில் இருக்கும் மருந்தை ‘இல்லை’ எனலாமா?

2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையை விலை உச்சவரம்புக்காகத்தான் பலரும் அறிவார்கள். அதன் 28-ஆம் பத்தி அதிகம் பேசப்படுவதில்லை. அது இரண்டு பேரைக் காக்கிறது. கையிருப்பில் உள்ள மருந்தை, வாங்க வந்தவருக்குக் கடைக்காரர் மறுக்கக் கூடாது. அதேபோல், தக்க காரணம் இல்லாமல் கம்பெனியோ மொத்த வியாபாரியோ கடைக்குச் சரக்கை நிறுத்தக் கூடாது. தெருமுனையில் தனியாக மெடிக்கல் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டாவதுதான் உயிர்நாடி. மருந்து வியாபாரிகள் சங்கத்தின் தடையில்லாச் சான்று கொண்டுவந்தால்தான் சரக்கு என்று நிபந்தனை போடுவதையும் இந்தியப் போட்டி ஆணையம் தவறென்று உத்தரவிட்டிருக்கிறது.

மருந்துச் சீட்டு இல்லாமல் ஷெட்யூல் எச் மருந்து (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து) கேட்டால் கடைக்காரர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். சீட்டு இருந்தும் சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். டாக்டர் மறுமுறை வாங்கலாம் என்று எழுதாவிட்டால், அந்தச் சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ‘மூன்று மாதத்துக்கு, மாதம் ஒருமுறை’ என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சீட்டில் ஒரு பிராண்ட் பெயர் இருக்கும்போது, அதே மருந்தே ஆனாலும் வேறு பிராண்டைக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. விலை குறைந்தது வேண்டுமானால் மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

சில்லறையாக வாங்கினால் விலை எண்ணிக்கைக் கணக்குதான் (அதே ஆணையின் 27-ஆம் பத்தி). பத்து மாத்திரை அட்டை 43 ரூபாய் என்றால் நாலு மாத்திரை 17 ரூபாய் 20 காசு. அதற்கு மேல் வாங்கக் கூடாது. வெட்டித் தரக் கடைக்காரர் தயங்குவதற்குக் காரணம் உண்டு: பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். அது உங்களோடு போய்விட்டால் மீதி அட்டையை விற்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. மறு ஓரத்திலிருந்து வெட்டச் சொல்லி, அந்த இரண்டையும் பில்லில் குறித்து வாங்குங்கள்.

விலைப்பட்டியலைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘பார்மா சாஹி தாம்’ செயலியிலும் உச்ச விலையைப் பார்க்கலாம். கூடுதலாக வாங்கினாலோ இருந்தும் மறுத்தாலோ ‘பார்மா ஜன் சமாதான்’ தளத்திலோ மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ புகார் கொடுக்கலாம். பில் இல்லாத புகார் பெரும்பாலும் நிற்காது.