எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: இரண்டாவது முறை ஏன் வேறு கதை?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குச் சில ஆண்டுகளில் எடை மறுபடி ஏறினால், "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் அநியாயமான பேச்சு. எடை இறங்க இறங்க, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. இழந்ததை மீட்க உடல் விடாமல் முயல்கிறது. அறுவை சிகிச்சை அந்த இழுப்பைத் தளர்த்துமே தவிர, அறுத்துவிடாது.

மறு அறுவைக்கு எடை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. சாப்பிடும் அளவைக் குறைக்க இரைப்பையைச் சுற்றிப் போட்ட சிலிகான் வளையம் நழுவலாம், சுவரை அரித்து உள்ளே போகலாம். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்கும் 'ஸ்லீவ்' முறையில் உள்ளழுத்தம் கூடி, சிலருக்கு அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறைக்கு மாற்றுவது பெரும்பாலும் நல்ல நிவாரணம் தருகிறது.

சரி, ஆபத்து எங்கே? முதல் முறை அறுத்த இடமெல்லாம் தழும்பாகி, இரைப்பையும் கல்லீரலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றைக் கிழியாமல் பிரிப்பதற்கே நெடுநேரம் ஆகும். ஸ்லீவ் செய்தபோதே இரைப்பையின் வெளி வளைவுக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் துண்டித்திருப்பார்கள். மிச்சமுள்ளவற்றில் ஒன்று தவறுதலாக அறுபட்டாலும் திசுவுக்கு ரத்தம் போதாமல் போகலாம். தழும்புத் திசு தடித்திருப்பதால், வெட்டிய விளிம்பை மூடும் உலோக ஊசியான ஸ்டேப்பிள் சரியாகப் பிடிக்காது. இந்த இரண்டும்தான் கசிவுக்கு, அதாவது இரைப்பை, குடலில் உள்ளது இணைப்பு வழியே வயிற்றுக்குள் ஒழுகுவதற்கு, வழி. கசிவின் முதல் அறிகுறி பல சமயம் வலியல்ல, வேகமாகத் துடிக்கும் இதயம். அதனால் வீடு திரும்பிய பிறகும் படபடப்பை அலட்சியப்படுத்தவே கூடாது.

அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு அரிதுதான். ஆனால் கசிவு, ரத்தக்கசிவு போன்ற சிக்கல்கள் முதல் முறையைவிடக் கூடுதலாகவே வருகின்றன. வளையம் சுவரை அரித்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு, திசு ஆற சில மாதம் விட்டு, அப்புறம் அடுத்த அறுவையைச் செய்வதுதான் பொதுவான வழக்கம்.

பலன் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும்: இரண்டாவது முறை குறையும் எடை பொதுவாக முதல் முறை அளவுக்கு இருக்காது. ஏற்கெனவே பைபாஸ் செய்தவருக்குக் குடலின் இன்னும் நீண்ட பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கினால் எடை இறங்கும். கூடவே புரதக் குறைபாடும் ஓயாத வயிற்றுப்போக்கும் வரக்கூடும். உடலமைப்பில் கோளாறு இல்லாமல் எடை மட்டும் ஏறியிருந்தால், பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற மருந்துகளை முதலில் முயன்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உடலமைப்பில் கோளாறு இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் காட்டும். ஆனால் முன்பு குடலை எத்தனை சென்டிமீட்டரில் இணைத்தார்கள், எந்த ரத்தக்குழாயை விட்டுவைத்தார்கள் என்பது பழைய அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.