கவுன்சலிங் அறைக்கு வெளியே கிடக்கும் வேலை

ஒரு மாணவர் தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை என்றால் எங்கள் கல்லூரிகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். டியூட்டர் போன் செய்வார். ஹெச்.ஓ.டி. அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார். அதற்கும் பலன் இல்லாவிட்டால் ‘கவுன்சலிங் அனுப்பிடலாம்’ என்று ஒரு சீட்டு எழுதுவார்கள். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் இருப்பது: ‘படிப்பில் ஆர்வம் இல்லை.’

கல்லூரியில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கும் இந்தச் சீட்டுகள்தான் வருகின்றன. அப்படி வந்தவர்களில் ஒருவர் இரண்டாம் ஆண்டு மாணவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா வேலையிடத்தில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். மகன் ராத்திரி முழுக்கப் பார்சல் குடோனில் லோடு பிரித்துவிட்டு விடிந்தபிறகு அறைக்குத் திரும்புகிறார். முதல் பீரியடுக்கு எப்படி வருவார்? அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. உதவித்தொகை அனுமதியாகியும் பணம் ஏறவில்லை. வங்கிக் கணக்கோடு ஆதார் சரியாக இணையவில்லை. பணம் வராததால் ஃபீஸ் பாக்கி, பாக்கி இருப்பதால் ஹால் டிக்கெட் தருவார்களா என்ற பயம். தூக்கமின்மையும் யாரோடும் பேசப் பிடிக்காததும் இத்தனைக்கும் மேலே வந்து உட்கார்ந்தவை.

அவருக்கு மனநல ஆலோசகரும் தேவைப்பட்டார், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசிவிட்டு மறுபடி அதே குடோனுக்குத்தானே போகப்போகிறார்? அவரோடு வங்கிக்குப் போய் ஆதார் இணைப்பைச் சரிசெய்தோம். தவணையில் கட்டணம் கட்ட முதல்வரிடம் எழுதி வாங்கினோம். அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் டியூட்டரிடம் நிலைமையைச் சொன்னேன். அப்பாவுக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறதா என்று பார்க்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு அனுப்பினேன். அதன்பிறகுதான் கவுன்சலர் சொன்னது அவர் காதில் விழ ஆரம்பித்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வுத் தோல்வி காரணம் என்று பதிவானவை 2,248. மார்க்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் எவ்வளவைத் தவறவிடுகிறோம் என்பதற்கு இதுவே போதும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தில் தகுதியுள்ள கவுன்சலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலிருக்கும் மனநலப் பணியாளர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். சட்டம் வரும்வரை இது எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

சரி, ஆள் போட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே உட்காரவைப்பது, யாருக்குக் கீழே வைப்பது? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சமூகப் பணியாளரை உறுப்பினராகப் போடவே கூடாது. நேற்று விசாரித்தவரிடம் இன்றைக்கு யார் வந்து அழுவார்கள்? ஏற்கனவே என்.எஸ்.எஸ்., பிளேஸ்மென்ட், கல்ச்சுரல்ஸ் எல்லாம் பார்க்கும் ஆசிரியர் தலையில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று இதையும் கட்டுவது அதைவிட மோசம். பாடம் எடுத்து இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் மாணவர் தன் வீட்டுச் சண்டையைச் சொல்லமாட்டார்.

அடுத்தது ரகசியம். ஹெச்.ஓ.டி.க்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, ‘அந்தப் பொண்ணு என்னதான் சொன்னா?’ அக்கறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, மாணவியின் சம்மதம் இல்லாமல் எதையும் சொல்வதில்லை. ‘வீட்டில் சீக்கிரம் கல்யாணம் பேசுகிறார்கள், படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள்’ என்று ஒரு பெண் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டாலே செய்தி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டுமா, அம்மாவை மட்டும் முதலில் பார்க்க வேண்டுமா, பெண்களுக்கான 181 உதவி எண்ணின் துணை வேண்டுமா என்பதை அந்தப் பெண்ணோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952இலேயே தொடங்கப்பட்டது. இன்று பல ஊர்க் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைத் துறை இருக்கிறது. அந்த மாணவர்கள் ஃபீல்டு வொர்க் என்று மருத்துவமனைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்கள் படிக்கும் வளாகத்திலேயே சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருக்கமாட்டார்! பயிற்சி மாணவர்களைச் சக மாணவர்களின் கேஸ் பார்க்கவிடக் கூடாது, அது சிக்கல். ஆனால் உதவித்தொகை உதவி மேசை, முதலாமாண்டு அறிமுகம் போன்றவற்றை ஒரு முழுநேரப் பணியாளரின் மேற்பார்வையில் அவர்கள் நன்றாகவே செய்வார்கள்.

நான் தொடங்கச் சொல்வது அட்மிஷன் நாளிலிருந்துதான். கட்டண கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டால் போதும். முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், புதுமைப்பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கான விண்ணப்பம், ஆதார் இணைப்பு எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் யு.ஜி.சி. அறிவித்ததையும் பெற்றோரிடம் சொல்லிவிடலாம். நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் போகலாம். அப்புறம் மனநல உதவிக்கு அரசின் டெலிமானஸ் 14416, ராகிங் புகாருக்கு 1800 180 5522. இந்த இரண்டு எண்களையும் நோட்டீஸ் போர்டோடு நிறுத்தாமல், ஹாஸ்டல் அறைக் கதவுகளின் உட்பக்கமும் ஒட்டச் சொல்கிறேன். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று போனில் எண்ணைப் பதிய எல்லாருக்கும் கூச்சம்.