முரட்டுத்தனத்துக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் காரணமா?

காயடித்த காளை சாதுவாகிவிடும் என்பது உழவர்கள் காலங்காலமாக அறிந்த சங்கதி. ஏன் என்பதற்குத் துப்புக் கொடுத்தவை ஆறு இளஞ்சேவல்கள். 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உடலியல் ஆய்வாளர் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் அவற்றின் விதைகளை அறுத்தெடுத்தார். விதையில்லாத சேவல்கள் ஒழுங்காகக் கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. விதையை வயிற்றுக்குள் குடலருகே வைத்துத் தைத்த சேவல்களோ வழக்கம்போலக் கொக்கரித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. நரம்பு அறுந்த விதை வேறெப்படி வேலை செய்யும்? இரத்தத்தில் எதையோ கலக்கிறது என்று முடிவுகட்டினார். அந்த எதையோவுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் கிடைத்தது 1935-இல்.

இதோடு நிறுத்திக்கொண்டு, ஹார்மோன் கூடினால் கோபமும் கூடும் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் சண்டையைத் தொடங்கிவைப்பது மூளை.

2011-இல் கலிபோர்னியாவில் டேயு லின், டேவிட் ஆண்டர்சன் குழுவினர், ஆண் எலியின் மூளை அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியிலுள்ள செல்களை ஒளிபட்டால் தூண்டப்படும்படி மாற்றினார்கள். நீல ஒளி பாய்ந்ததும் எலி பக்கத்திலிருந்த பெட்டையைக் கடித்தது. காற்றடைத்த கையுறையை வைத்தாலும் பாய்ந்தது. கையுறை என்ன பாவம் செய்ததோ! ஆனால் இணைசேர்ந்துகொண்டிருக்கும்போது அதே ஒளி அவ்வளவாக எடுபடவில்லை. சண்டையும் காமமும் மூளையில் அண்டைவீட்டுக்காரர்கள். ஒன்று ஓங்கினால் மற்றது அடங்குகிறது.

அந்தச் சண்டைச் செல்களில் பல, 'பெண் ஹார்மோன்' எனப்படும் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகள் கொண்டவை. 'ஆண் ஹார்மோன்' என்று மீசை முறுக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி எலியின் மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் வேலை பார்க்கிறது.

இந்தச் சண்டைக் குணத்துக்கான கடிவாளம் மேல்மூளையில் இருக்கிறது. 1928-இல் ஆய்வாளர் ஃபிலிப் பார்ட் மேல்மூளையை நீக்கிய பூனைகள் லேசாகத் தொட்டாலே சீறின.

அப்படியானால் ஹார்மோனுக்கு என்ன வேலை? டலாபொயின் குரங்குகளிடம் இது பளிச்சென்று தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிய ஆண் குரங்கு கூட்டத்தில் தனக்குக் கீழே உள்ளவர்களைத்தான் கூடுதலாக மிரட்டியது. மேலே உள்ளவர்களிடம் வாலாட்டவில்லை. ஆக, புதிய சண்டையை அது மூட்டவில்லை, ஏற்கெனவே இருந்த பழக்கத்துக்குத் தூபம் போட்டது.

மனிதர்களிடம் கதை இன்னும் சுவையானது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையில், பணத்தைப் பங்கிடும் விளையாட்டுக்கு முன் பெண்கள் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் தரப்பட்டன. ஹார்மோன் பெற்றவர்கள் நியாயமாகவே பங்கிட்டார்கள். எது கிடைத்திருந்தாலும், தனக்குக் கிடைத்தது டெஸ்டோஸ்டிரோன் என்று நம்பியவர்கள்தான் எதிராளிக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள்.