முன்பக்க பாரைச் செய்வதற்கு முன் சேஸிஸைப் பாருங்கள்

சின்ன ஆஃப்ரோடு வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. மரக்கட்டை ஒன்றில் மெதுவாகத்தான் மோதியிருக்கிறது. வீட்டிலேயே செய்து மாட்டிய முன்பக்க பாரில் (வண்டி மூக்கைக் காக்க முன்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) பெயின்ட் உரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை. "பாருங்கண்ணே, எப்படித் தாங்கியிருக்கு!" என்றார் வண்டிக்காரர். நான் பானட்டைத் திறந்தேன். பாரைத் தாங்கிய சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நுனி இரண்டு பக்கமும் மடிந்து சுருங்கிக் கிடந்தது. பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் தாள்கூட நுழையவில்லை.

அவர் போட்டிருந்தது கனமான பைப். பாரைச் சேஸிஸோடு இணைக்கும் பிராக்கெட் 10 மி.மீ. தகடு. அதைச் சேஸிஸின் மெல்லிய தகட்டோடு நேராக வெல்டிங் செய்திருந்தார். இந்தத் தப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அது எதையாவது வளைத்துத்தான் அடங்கும். பார் வளையாவிட்டால் சேஸிஸ் வளையும். எதுவுமே வளையாவிட்டால் அந்த அடி சீட் பெல்ட் வழியாக உங்கள் நெஞ்சில் வந்து இறங்கும். அதனால் முதலில் பார் வளைய வேண்டும், அப்புறம் பிராக்கெட், கடைசியாகத்தான் சேஸிஸ். ஏர்பேக் உள்ள வண்டியா? தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். வண்டி எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்பதை வைத்துத்தான் சென்சார் முடிவெடுக்கிறது. பார் அந்தக் கணக்கையே மாற்றிவிடும். அந்த வண்டிக்கென்று சோதித்துப் பார்த்த பாரை வாங்கி மாட்டுங்கள்.

சேஸிஸில் வெல்டிங் வேண்டாம், போல்ட் போடுங்கள். கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில், தலையில் 8.8 என்று (வலிமையைக் காட்டும் எண்) பொறித்த போல்ட். பெட்டி வடிவ சேஸிஸின் குறுக்கே போல்ட் போகிறதென்றால், உள்ளே அதே அகலத்துக்கு ஒரு குழாய்த்துண்டை வைத்து அதன் வழியாக விடுங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பெட்டியின் சுவர் உள்வாங்கும். இன்று முறுக்கினால் அடுத்த வாரம் மறுபடி தளர்ந்திருக்கும்.

எடையையும் பாருங்கள். 48.3 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. கனமும் உள்ள குழாய், மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ. 6 மி.மீ. தகடோ சதுர மீட்டருக்கு 47 கிலோ. முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும் எடை என்பதால் முன் ஸ்பிரிங் அமுங்கும், பின் சக்கரத்தின் பிடி குறையும். சின்ன வண்டிக்கு இது பெரிய சுமை.

தண்ணீர்க் குழாய் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதோ சுமார் 1,500 டிகிரியில். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரியே குளிர்காய்ச்சல்போல நடுக்கம் எடுக்கும். நான் அனுபவித்திருக்கிறேன். இன்னொன்று இதைவிட மோசம்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். அது ஆளையே கொல்லும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியில் வைத்துப் புள்ளி புள்ளியாக டேக் மட்டும் போடுங்கள். முழு வெல்டிங்கைப் பாரை இறக்கி வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் அழகுக்காக வெல்டிங்கைக் கிரைண்டரால் வழித்துச் சமமாக்க வேண்டாம். மூலையில் நிரம்பி நிற்கும் அந்த உலோகம்தான் இணைப்பைப் பிடித்திருக்கிறது.

வண்டியை இழுப்பதற்கான ஷேக்கிளை (கயிற்றை மாட்டும் U வடிவ இரும்பு வளையம்) பாரில் ஒட்டிய துளைத்தகட்டில் மாட்டாதீர்கள். இழுவையில் அது பிய்த்துக்கொண்டால் குண்டுபோலப் பறந்து வரும். இழுக்கும் இடம் நேரே சேஸிஸோடு போல்ட்டில் நிற்க வேண்டும்.

குறுக்கே வரும் மனிதரையும் மறக்க வேண்டாம். கூர்முனையும் வெளியே துருத்தும் போல்ட் தலையும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. உங்கள் ஊர்ச் சட்டம் பாரை அனுமதிக்கிறதா என்பதைப் பைப் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

அந்த வண்டிக்காரரின் பாரை அறுத்து எடுத்தேன். சேஸிஸ் நுனியைச் சரிசெய்ய எடுத்த நேரம், பார் செய்ய அவர் எடுத்ததைவிட அதிகம். புதியதை மெல்லிய பிராக்கெட்டில் போல்ட் போட்டு மாட்டி, ஒவ்வொரு நட்டின் மேலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைக் கோடு ஒன்று இழுத்துவிட்டேன். நட்டு தளர்ந்தால் கோடு விலகிவிடும். காட்டுப் பாதையில் போய்வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தால் போதும்.